பீட் சீகர் மாதிரி பாஞ்சோ: நீளக் கழுத்து வேண்டுமா, வலது கை போதுமா?

புதுவிரல் கேட்டது:

மே 3 அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் பிறந்த நாள். அன்றைக்கு அவர் பாணியிலேயே நாலு பாட்டுக்கு பாஞ்சோ பிடித்து, கூட இருப்பவர்களையும் பாட வைக்க வேண்டும் என்று திட்டம். கையில் இருப்பது சாதாரண ஐந்து தந்தி பாஞ்சோ: 22 மெட்டு (ஃப்ரெட்), 11 அங்குலத் தோல் (மைலார் பிளாஸ்டிக்), பின்மூடி இல்லாதது, தோல்மேல் நிற்கும் குதிரைக்கும் கழுத்து உச்சியில் இருக்கும் நட்டுக்கும் இடையில் 26¼ அங்குலம்.

சந்தேகங்கள்:

அவர் வைத்திருந்த நீளக் கழுத்து பாஞ்சோ இல்லாமல் அந்த ஓசை வருமா? இன்னொன்று வாங்குங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அவருடைய அடிப்படை மீட்டலில் எந்த விரல் எப்போது, எந்தப் பக்கம் போகிறது? கிளாஹேமர் (நகத்தால் கீழ்நோக்கி அடிக்கும் பாணி) கொஞ்சம் வரும். அதை வைத்து முயன்றால் குதிரை ஓடுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

சுருதி ஜி-யா, சி-யா?

கடைசியாக, அவர் பாஞ்சோ கணீரென்று இருந்தாலும் காதைக் குத்தாது. என்னுடையதில் பாத்திரம் உருண்ட மாதிரி ஒரு 'ணங்' பின்னாலேயே வருகிறது. என்ன செய்யலாம்?

—

தாளத்தந்தி எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது சரியானால் மற்றதெல்லாம் அலங்காரம்தான்.

சீகரின் அடிப்படை மீட்டலில் மூன்று அசைவுகள். ஆட்காட்டி விரல் ஒரு தந்தியை மேல்நோக்கி, உள்ளங்கைப் பக்கமாக, சுண்டும். அடுத்து மோதிர விரலோ நடுவிரலோ நகத்தின் முதுகால் தந்திகளின் குறுக்கே கீழ்நோக்கி வருடும். கடைசியில் கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை, அதாவது மேலே இருக்கும் குட்டைத் தந்தியை, தட்டும். அவ்வளவுதான். அமெரிக்காவில் இதை 'பம்-டிட்டி' என்பார்கள்.

நம் சொற்கட்டில் வைத்தால் இன்னும் சுலபம். நான்கு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். 'தாம்' இரண்டு மாத்திரை, 'த' ஒன்று, 'க' ஒன்று. தாம் ஆட்காட்டி விரல், த வருடல், க கட்டைவிரல். உங்களுக்குக் குதிரை ஓட்டம் வருவதற்குக் காரணம் அந்தத் 'தாம்' தன் இரண்டு மாத்திரையை முழுசாக வாங்காததுதான். சுண்டின உடனே வருடத் தோன்றும். அப்போது மூன்றும் சமமாகி 'தகிட தகிட' என்று திஸ்ரம் ஆகிவிடும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு 'தாம்', அடுத்த தட்டுக்கு 'தக' என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். 60-இல் பிசிறு போனபிறகு 72, 84, 100. வாய் நின்றால் கையும் சறுக்கும், அதனால் சொல்வதை விடாதீர்கள்.

எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன்.

வருடல் முழங்கையிலிருந்து வரக்கூடாது. மணிக்கட்டு லேசாகத் திரும்ப, விரல் விரிய வேண்டும், கையில் ஒட்டின தண்ணீரை உதறுகிற மாதிரி. முழங்கை ஆடினால் அடுத்த சுண்டலுக்கு ஆட்காட்டி விரல் தன் இடத்துக்குத் திரும்பி வராது, தவறான தந்தியில் விழும்.

வருடும்போதே கட்டைவிரல் ஐந்தாம் தந்திமேல் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். வருடி முடித்த பிறகு தேடிப் போனால் 'க' தாமதமாகும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தடுமாறுவது இதில்தான்.

நான்கு தந்தியையும் வருட வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் மூன்றில் பட்டால் போதும். எல்லாவற்றையும் ஒரே பலத்தில் அடித்தால் ஆட்காட்டி விரல் சுண்டுகிற பாட்டு மெட்டு உள்ளே அமுங்கிவிடும். சுண்டல் பலமாக, வருடல் அதில் பாதி, கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில்.

ஐந்தாம் தந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. வீணை தெரிந்தவர்களுக்கு இது தாளத் தந்தி மாதிரிதான்: மெட்டில் அழுத்துவதில்லை, எப்போதும் ஒரே சுரம், பக்கத்தில் நின்று கணக்கு வைக்கும். வித்தியாசம், வீணையில் அதைச் சுண்டுவிரல் பார்த்துக்கொள்ளும், இங்கே கட்டைவிரல். பாட்டின் சுரம் மாறினாலும் அது மாறாது. எஃப் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கும்போதும் மேலே ஜி ஒலித்துக்கொண்டே இருக்கும். முதலில் உறுத்தும். பாஞ்சோவின் ருசியே அந்த உறுத்தல்தான், சரிசெய்யப் பார்க்க வேண்டாம்.

—

மூன்றுமெட்டு எழுதியது:

நீளக் கழுத்து பற்றி நிறைய கட்டுக்கதை உலவுகிறது. ஓசைக்காக அவர் நீட்டவில்லை, பாடுவதற்காக நீட்டினார்.

சாதாரண பாஞ்சோ ஜி சுருதியில், அதாவது ஐந்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை ஜி-டி-ஜி-பி-டி, 5 கட்டைக்குப் பொருந்தும். அவருக்கு அது எல்லாப் பாட்டுக்கும் உகந்ததாக இல்லை. கூட்டத்தையும் பாட வைக்க வேண்டும் என்றால் இன்னும் கீழே வர வேண்டும். கேப்போ (தந்திகளை ஒரு மெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் மேலேதான் ஏற முடியும், இறங்க முடியாது. அதனால் 1940-களில் நட்டுக்கு அப்பால் மூன்று மெட்டுகளைச் சேர்த்தார். மொத்தம் 25 மெட்டு. ஐந்தாம் தந்தியின் பிருடை வழக்கமான 5-ஆம் மெட்டுக்குப் பதில் 8-ஆம் மெட்டில் வந்தது. வெறுந்தந்திகள் மூன்று அரைச்சுரம் கீழே, 3 கட்டையில், ஈ-பி-ஈ-ஜி ஷார்ப்-பி. மூன்றாம் மெட்டில் கேப்போ போட்டால் பழைய ஜி பாஞ்சோ திரும்ப வந்துவிடும். 1950-களின் இறுதியில் வேகா நிறுவனம் அவர் பெயரிலேயே இந்த மாதிரியை விற்றது.

இப்போது கணக்கு. ஒரு அரைச்சுரம் இறங்க நீளம் 1.0595 மடங்காக வேண்டும். மூன்று அரைச்சுரத்துக்கு 1.189 மடங்கு. 27 அங்குலத் தந்தி நீளம் 32.1 ஆகும், உங்கள் 26¼ அங்குலம் என்றால் 31.2 ஆகும். தந்தியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கும் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். ஒன்று 1.189 மடங்கு ஏற, மற்றது அதே மடங்கு இறங்குவதால் இழுவிசை மாறாது. அதனால்தான் நீளக் கழுத்திலும் சாதாரணத் தந்தி செட்டையே போடலாம், விரலுக்கும் அதே இறுக்கம் தெரியும்.

உங்கள் பாஞ்சோவில் தந்தியை மாற்றாமல் ஈ-க்கு இறக்கினால் இழுவிசை 0.707 ஆகிவிடும், கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. தந்தி தொளதொளத்து மெட்டில் அடிக்கும். ஈடுகட்ட ஒவ்வொரு தந்தியும் 1.19 மடங்கு தடிக்க வேண்டும். மீடியம் செட்டை வைத்துச் சொல்கிறேன், எல்லாம் அங்குலக் கணக்கு: முதல் தந்தி .010 இருந்தால் .012, இரண்டாவது .012-க்கு .014, மூன்றாவது .016-க்கு .019, நான்காவது .023 சுற்றுத்தந்திக்கு .027, ஐந்தாவது .010-க்கு .012.

இதில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று, நட்டின் பள்ளம். தடித்த தந்தி பழைய பள்ளத்தில் நெருக்கும். சுருதி ஏற்றும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டு ஒரேயடியாகத் தாவினால் அதுதான் காரணம். அந்தத் தடிமனுக்கான நட் அரத்தால் அகலத்தை மட்டும் சற்றுக் கூட்டுங்கள். ஆழத்தைத் தொட்டால் முதல் மெட்டில் இரையும், நட்டையே மாற்ற வேண்டி வரும். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்ப்பது தற்காலிகத் தீர்வு. இரண்டாவது, .019 வெறும் கம்பி. குட்டையான நீளத்தில் தடித்த கம்பி விறைப்பாக நிற்கும், ஓசை மந்தமாகும், மேல் மெட்டுகளில் சுருதி கூடும். அந்த ஒரு தந்திக்கு மட்டும் சுற்றுத்தந்தி போடுவது நல்லது.

பாஞ்சோ தந்திக்கு நுனியில் வளையம் இருக்கும், கிட்டார் தந்திக்குக் குண்டு இருக்கும். தனித் தந்தியாகக் கிட்டாருக்குரியதுதான் கிடைக்கிறது என்றால், அந்தப் பித்தளைக் குண்டை வெட்டுக்கொறட்டால் நெருக்கி உடைத்து எடுத்துவிடுங்கள், வளையம் மிஞ்சும். முறுக்கைக் கொறடு தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டால் சுருதி ஏற்றும்போது அங்கேதான் அறும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், நாலு பாட்டுக்காக இவ்வளவும் தேவையா என்று கேட்பேன். உங்கள் குரல் 1 கட்டை, 2 கட்டைக்கு வருமானால் சி சுருதியில் வெறுமனே, இல்லை 2-ஆம் மெட்டில் கேப்போ போட்டு, சாதாரணக் கழுத்திலேயே முடித்துவிடலாம். நீளக் கழுத்து உண்மையில் கொடுப்பது இரண்டே வசதிதான்: ஜி வடிவங்களை வைத்துக்கொண்டு ஈ-யில் பாடலாம், சி வடிவங்களை வைத்துக்கொண்டு ஏ-யில் பாடலாம்.

—

நகம்தேய்ந்தவர் எழுதியது:

தாளத்தந்தி சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. கேட்டவர் கிளாஹேமர் தெரியும் என்கிறார். அதுதான் தொல்லை. கிளாஹேமரில் முதல் அடியும் நகத்தால் கீழ்நோக்கித்தான். சீகரின் அடிப்படை மீட்டலில் முதல் அடி மேல்நோக்கி. தாளம் ஒன்றே, திசை எதிர். கை பழைய பழக்கத்துக்கு ஓடும். ஒரு வாரத்துக்குக் கிளாஹேமரைத் தொடாமல் இருப்பதுதான் வழி.

கிளாஹேமர் மட்டம், இது உயர்வு என்றெல்லாம் இல்லை. சீகர் அதையும் வாசித்தார், தன் பாடப்புத்தகத்தில் அதற்கும் இடம் கொடுத்தார். வேகமான நடனப் பாட்டுக்குக் கீழடிதான் தாங்கும். குரலுக்குப் பின்னால் நிற்க மேல்சுண்டல் பொருத்தம், பாட்டு மெட்டின் ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கும்.

விரலில் உலோக நகம் மாட்டிக்கொண்டு முயலாதீர்கள். சுண்டுவதற்கு வசதி, வருடுவதற்குத் தடை. வெறும் நகமே போதும், விரல் நுனியைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டால் சரி. அதற்குமேல் வளர்த்தால் தந்தியில் கொக்கி மாட்டுகிற மாதிரி சிக்கும்.

சுருதிக்கு வருகிறேன். பாட்டுக்குப் பின்வாசிக்க சி-தான் என் ஓட்டு: ஜி-சி-ஜி-பி-டி. ஜி சுருதியிலிருந்து நான்காம் தந்தியை மட்டும் டி-யிலிருந்து சி-க்கு ஒரு முழுச்சுரம் இறக்க வேண்டும். அடியில் ஒரு ஆதாரச் சுரம் கிடைத்துவிடும், குரலுக்குத் தரை போட்ட மாதிரி. மூன்று கார்டு போதும், நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை சொல்கிறேன். சி: 0-0-1-2. எஃப்: 0-2-1-3. ஜி7: 2-0-0-3. எஃப்-இல் மோதிர விரல் 3-ஆம் மெட்டுக்கு எட்டவில்லை என்று கையைத் திருப்பாதீர்கள், கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் சற்றுக் கீழே இறக்கினால் எட்டும்.

இதெல்லாம் வந்தபிறகு இடது கை வேலை. 'ஹேமர்-ஆன்', 'புல்-ஆஃப்' என்று இன்று கிட்டார்காரர் முதற்கொண்டு எல்லாரும் சொல்கிறார்களே, புல்-ஆஃப் என்ற பெயரே சீகரின் புத்தகம் வழியாகப் பரவியதுதான். சி சுருதியில் நான்காம் தந்தியை வெறுமையாகச் சுண்டி, அந்தத் 'தாம்' முடிவதற்குள் நடுவிரலை 2-ஆம் மெட்டில் சுத்தியல் மாதிரி இறக்குங்கள். சி-யும் டி-யும் ஒரே சுண்டலில் வரும். மெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விழ வேண்டும், நடுவில் விழுந்தால் 'டப்' என்று செத்துவிடும். எடுக்கும்போது விரலை நேராகத் தூக்கினால் ஓசையே வராது. தந்தியை உள்ளங்கைப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்து விட வேண்டும், இடது கையாலேயே இன்னொரு சுண்டல் மாதிரி.

—

புதுவிரல் எழுதியது:

மிக்க நன்றி. வாயால் சொல்லி வாசித்ததும் குதிரை நின்றுவிட்டது. 2-ஆம் மெட்டில் கேப்போ போட்டால் பாட்டு சரியாக வருகிறது. ஆனால் ஐந்தாம் தந்தி பழைய ஜி-யிலேயே நிற்கிறது. பிருடையில் ஏ-க்கு ஏற்றினால் பயமாக இருக்கிறது. அந்த 'ணங்'கும் போகவில்லை.

—

தோல்வளையம் எழுதியது:

ஐந்தாம் தந்தியை ஒரு முழுச்சுரம் பிருடையில் ஏற்றலாம், .009 அல்லது .010 தந்தி தாங்கும். அதற்குமேல் ஏற்றுவது சூதாட்டம். நிரந்தர வழி, ரயில் ஆணி. பொம்மை ரயில் தண்டவாளத்தைப் பலகையில் அடிக்கிற சின்ன ஆணிதான், ஒரு பக்கம் மட்டும் கொக்கி மாதிரி தலை நீண்டிருக்கும். ஐந்தாம் தந்திக்குப் பக்கத்தில் 7-ஆம் மெட்டுக்குப் பின்னால் ஒன்று, 9-க்குப் பின்னால் ஒன்று. கேப்போ 2-இல் என்றால் தந்தியை 7-இன் கொக்கிக்கு அடியில் செருகினால் ஏ, கேப்போ 4-இல் என்றால் 9-இன் அடியில் பி. (நீளக் கழுத்தில் பிருடையே 8-இல் இருப்பதால் அங்கே இந்த ஆணிகள் 9, 10, 11-இல் வரும்.)

அடிக்கும் முறை முக்கியம். நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் கருங்காலிப் பலகை நீளவாக்கில் பிளக்கும், அப்புறம் அழுது பயனில்லை. ஆணியைவிட மயிரிழை மெலிந்த துரப்பண முனையைக் கையால் திருகித் துளை போடுங்கள். முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆணியை இடுக்கியால் பிடித்து மெல்லத் தட்டி இறக்கி, கொக்கிக்கும் பலகைக்கும் நடுவில் தந்தி நுழையும் அளவு இடம் விட்டு நிறுத்துங்கள். அதிகம் இறங்கினால் தந்தி வளைந்து சுருதி கூடும். எப்படியிருந்தாலும் செருகினபின் ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படும், ஏனென்றால் வளைப்பதே இழுப்பதுதான். துளை போட மனசு வரவில்லை என்றால் நகர்த்துகிற ஐந்தாம் தந்திக் கேப்போ தனியாக உண்டு, பலகையின் ஓரத்தில் திருகால் மாட்டுவது.

இனி 'ணங்'. வரிசையாகப் பாருங்கள், இரண்டை ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

முதலில் தோல். தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளின் திருகு நட்டு எல்லாம் ஒரே இறுக்கமா? ஒவ்வொரு கொக்கிக்கும் நேர் உள்ளே ஒரு அங்குலம் தள்ளி விரலால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள், மிருதங்கத்தை ஒவ்வொரு கண்ணிலும் தட்டிப் பார்க்கிற மாதிரி. ஓசை தாழ்ந்த இடத்தில் நட்டை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கி, உடனே எதிர்ப்பக்கத்துக்குப் போங்கள். பக்கத்துப் பக்கத்து நட்டுகளை வரிசையாக இறுக்கினால் வளையம் ஒருபக்கம் சாயும். தோல் இறுக்கமானி வைத்திருப்பவர்கள் புளூகிராஸ் என்ற வேகமான இசைப் பாணிக்கு 90-ஐ ஒட்டி வைப்பார்கள். உங்களுக்கு அதைவிட இரண்டு மூன்று எண் குறைவாகப் போதும். பாத்திரச் சத்தம் பெரும்பாலும் அளவுக்கு மீறிய இறுக்கம். ஆனால் தளர்த்தும்போது குதிரையும் தோலோடு கீழே இறங்கும், தந்தி மெட்டுக்கு நெருங்கும், இரைச்சல் வரலாம். அப்படி வந்தால் ⅝ அங்குலக் குதிரையை எடுத்துவிட்டு 11/16 போடுங்கள்.

கன்றுத் தோல் போட்டிருப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சித் தொய்யும், வறண்ட காற்றில் விறைக்கும். ஈரத்தில் தொய்ந்த தோலை அன்றைக்கே முழுசாக இறுக்கிவிட்டால் வெயில் வந்ததும் கிழியும். மைலாரில் அந்தக் கவலை இல்லை.

அடுத்தது துணி. ஒரு பழைய பருத்தித் துணியை, கைக்குட்டை அளவு போதும், மடித்து உள்ளே ஓடும் கட்டைக்கும் தோலுக்கும் நடுவில், கழுத்து சேரும் முனைப் பக்கமாகச் செருகுங்கள். தோலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். குதிரைக்கு நேர் கீழே வைத்தால் ஓசையே அடங்கி மரப்பெட்டி மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் வால்பட்டைக்கும் குதிரைக்கும் நடுவில் கிடக்கிற தந்தித் துண்டு. நீங்கள் வாசிக்கும்போது அதுவும் சேர்ந்து ஒலிக்கும். அங்கே ஒரு கம்பளி நூலை மேலும் கீழுமாகப் பின்னி விடுங்கள். பல பாஞ்சோக்களில் 'ணங்' இங்கேயே தீர்ந்துவிடும். நியாயமாக இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், காசு செலவில்லாதது.

கடைசியாகக் குதிரையின் இடம். அது ஒட்டப்பட்டதல்ல, தந்தி அழுத்தத்தில் நிற்பது. தோலைத் தொட்டாலே நகர்ந்திருக்கும். முதல் தந்தியில் 12-ஆம் மெட்டுக்கு நேர்மேலே விரலை லேசாக வைத்து எழும் நாதமும், அதே மெட்டை அழுத்தினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் கூடினால் குதிரையை வால்பட்டைப் பக்கம் தள்ளுங்கள், குறைந்தால் கழுத்துப் பக்கம். நான்காம் தந்திக்கும் அப்படியே பாருங்கள், குதிரை சற்றுச் சாய்ந்து நிற்பது இயல்புதான்.

—

பழையதட்டு எழுதியது:

கருவியைப் பற்றி எல்லாரும் சொல்லியாயிற்று. ஆளைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதைக் கேட்க வேண்டும் என்றும் தெரியும்.

1919-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா சார்ல்ஸ் சீகர் இசையியலாளர், அம்மா வயலின் கலைஞர். பள்ளியில் வாசித்தது நான்கு தந்தி பாஞ்சோ. 1936-இல் அப்பாவோடு வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்து மலைநாட்டு இசை விழாவுக்குப் போனபோதுதான் ஐந்து தந்தி பாஞ்சோவில் விழுந்தார். அந்த விழாவை நடத்தியவர் பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபோர்ட், அவரே பாஞ்சோக்காரர். ஆக சீகரின் கை நகரத்துப் பையன் மலைக்காரர்களிடம் பார்த்துப் பிடித்த கை. பரம்பரையாக வந்ததல்ல. அதனால்தான் அவரால் அதை விரல் விரலாகப் பிரித்து மற்றவர்களுக்கு எழுதிக்காட்ட முடிந்தது என்று நினைக்கிறேன். பிறவியிலேயே வந்தவர்களிடம் கேட்டால் 'இப்படித்தான்' என்று வாசித்துக் காட்டுவார்களே தவிர, எந்த விரல் முதலில் என்று சொல்லத் தெரியாது.

அப்படி எழுதியதுதான் 1948-இல் சைக்ளோஸ்டைலில் அடித்து அவரே வெளியிட்ட 'ஐந்து தந்தி பாஞ்சோ வாசிப்பது எப்படி'. சுரக்குறிப்பு தெரியாதவனும் எந்தத் தந்தி, எந்த மெட்டு என்று படித்து வாசிக்கலாம். புளூகிராஸ் பாஞ்சோக்காரர் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் பாணியையும் அதன் பிந்தைய பதிப்பில் எழுதிக் காட்டினார். கிங்ஸ்டன் டிரியோ என்ற நாட்டுப்புறப் பாட்டுக் குழுவின் டேவ் கார்டு அந்தப் புத்தகத்தில்தான் பாஞ்சோ கற்றார், நீளக் கழுத்தும் வாங்கினார். பாட்டு மெட்டை நூல் பிசகாமல் வாசிக்கும் புதுப் பாணியை உருவாக்கிய பில் கீத்தும் அதே புத்தகத்திலிருந்து கிளம்பியவர்தான்.

1955-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது தன் நட்பையும் நம்பிக்கையையும் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். 1961-இல் ஓராண்டுத் தண்டனை, 1962-இல் மேல்முறையீட்டில் ரத்து. பெரிய தொலைக்காட்சிகள் கதவைச் சாத்திய அந்த ஆண்டுகளில் கல்லூரி கல்லூரியாகவும் பள்ளி, கோடைமுகாம் என்றும் போய் வாசித்தார். விரட்டினவர்கள் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று: பாஞ்சோ கற்கும் வயதில் இருந்தவர்கள் முன்னாலேயே கொண்டுபோய் அவரை நிறுத்திவிட்டார்கள்.

பார்ப்பதற்கு: 1965-66-இல் அவர் நடத்திய 'ரெயின்போ குவெஸ்ட்' தொலைக்காட்சித் தொடர். மேடை இல்லை, கூட்டம் இல்லை, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட், ஜானி கேஷ் எல்லாரும் வந்த தொடர். கேமரா அவர் வலது கைக்கு வரும்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். சொற்கட்டை நீங்கள் வாயால் போடுங்கள், 'தாம்' எங்கே விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

கேட்பதற்கு: 1955-இல் ஃபோக்வேஸ் வெளியிட்ட 'கூஃபிங்-ஆஃப் சூட்'. பாக், பேத்தோவன் மெட்டுகளைக்கூட பாஞ்சோவில் வாசித்திருப்பார். அதில் பாட்டுக்குப் பின்வாசிக்கும் கை கிடையாது, தனியாவர்த்தனம். அதனால் புதுவிரல் அதை இப்போதே நகலெடுக்க வேண்டாம். 1963 ஜூன் 8 கார்னகி ஹால் கச்சேரிப் பதிவு உங்களுக்குப் பொருத்தம். கூட்டம் பாட ஆரம்பித்ததும் அவர் பாஞ்சோவை எவ்வளவு குறைத்துக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள். பல இடங்களில் வெறும் தாளம் மட்டும்தான் மிஞ்சும்.

தோலில் வட்டமாக எழுதியிருப்பாரே, இந்தக் கருவி வெறுப்பைச் சூழ்ந்து சரணடைய வைக்கிறது என்று, அதை நீங்களும் எழுத நினைத்தால் வளையத்தை ஒட்டி ஓரத்தில் எழுதுங்கள். வருடுகிற விரலும் ஊன்றுகிற விரலும் படும் இடத்தில் எழுதினால் மை அழிந்து, முதலில் போவது எழுத்தாக இருக்காது, உங்கள் சட்டைக் கையாக இருக்கும்.

—

மூன்றுமெட்டு எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை, தந்தி வாங்கப் போகிறவர்களுக்கு. இந்தியாவில் பல கடைகளில் பாஞ்சோ என்று கேட்டால் தட்டச்சு மாதிரி பொத்தான் வைத்த புல்புல்தாராவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், தந்தியும் அதற்குரியதே வரும். 'தோல் போட்ட, ஐந்து தந்தி, நுனியில் வளையம் உள்ளது' என்று சொல்லிக் கேளுங்கள். தடிமன் எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

—

புதுவிரல் எழுதியது:

கம்பளி நூல் போட்டதும் முக்கால்வாசி போய்விட்டது. துணி வைத்ததும் மீதியும். தோலைத் தொடவே இல்லை. இனி எஃப் கார்டுக்கு மோதிர விரல் எட்டினால் போதும்.

—

நகம்தேய்ந்தவர் எழுதியது:

எட்டாவிட்டால் மே 3-க்குள் ஒரு குறுக்கு வழி: எஃப்-க்கு முதல் தந்தியை விட்டுவிட்டு 4, 3, 2 தந்திகளில் 0-2-1 மட்டும் பிடியுங்கள், வலது ஆட்காட்டி விரலால் இரண்டாம் தந்தியைச் சுண்டி, வருடலை அந்த மூன்றிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் தந்தி வெறுமையாகப் பட்டுவிட்டால் டி ஒலிக்கும், கூட்டம் பாடிக்கொண்டிருக்கும்போது யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.